அகதிகளுக்குக் கடவுச்சீட்டுத் தந்த நான்சன்

எமது பிரதேசத்தில் தறப்பாள் என்றால் என்னவென்று தெரியாதவர் இல்லை. 1990 இலும் 1995 இலும் அதற்குப் பின்னரும் வீடு வாசலை விட்டுக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட எம்மவர்களுக்கு, கோயில் மண்டபங்களும் பாடசாலைகளும் நிரம்பிய பின்னர் கூரையாக இருந்தது அதுதான். அத்தறப்பாள்கள் பலவற்றில் நீல நிறத்தில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்துக்கள் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயத்தைக் குறிப்பன. அந்த நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தோன்றியது. ஆனால் அகதிகளுக்கென்று ஓர் உயர்ஸ்தானிகர் வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் முப்பது ஆண்டுகள் மூத்தது. 1921ஆம் ஆண்டில் அப்பதவியை முதன்முதலில் ஏற்றவர் நோர்வே நாட்டவரான பிரிட்யோவ் நான்சன் ஆவார். அவரது பெயர் எம்மவரில் பலருக்கு அறிமுகமில்லாதது. அறிந்தவர்களும் அவரைப் பனிக்கடல் ஆய்வாளர் என்றே அறிந்திருப்பர். இவ்விரண்டு நான்சன்களும் ஒருவரே என்பதை எடுத்துச் சொல்வதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நான்சன் 1861ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி இன்றைய ஒஸ்லோ நகருக்கு அண்மையில் பிறந்தார். அக்காலத்தில் அந்நகரின் பெயர் கிறிஸ்தியானியா. தந்தையார் ஒரு சட்டத்தரணி. ஒழுங்கும் கண்டிப்பும் மிக்கவர். தாயார் பனிச்சறுக்கில் மிகுந்த விருப்பம் கொண்டவர். மகனுக்கும் காடும் பனியும் சிறு வயதிலேயே பழகிவிட்டன. பல்கலைக்கழகத்தில் விலங்கியலைத் தெரிவு செய்தார். 1882இல் கடல்நாய் வேட்டைக்குச் சென்ற கப்பலொன்றில் பயணம் செய்து வடபனிக்கடலை முதன்முதலாகக் கண்டார். அதே ஆண்டில் பேர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணியில் அமர்ந்து, சிறு கடலுயிர்களின் நரம்பு மண்டலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்ந்தார். 1888இல் அதற்காகக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அமைதியாக இருந்து பேராசிரியராக ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் பட்டம் பெற்ற அதே ஆண்டில் அவர் கிறீன்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

கிறீன்லாந்தின் உட்பகுதியை அதுவரை எவரும் குறுக்காகக் கடந்ததில்லை. முன்னர் முயன்றவர்கள் மக்கள் குடியிருக்கும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, முடியாதபோது திரும்பி வந்தனர். நான்சன் ஆளில்லாத கிழக்குக் கரையிலிருந்து புறப்படத் தீர்மானித்தார். பின்னால் திரும்பினால் அங்கே உணவும் இல்லை, வீடும் இல்லை. அறிவுள்ளவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அவர்கள் கூறியதிலும் நியாயம் இருந்தது.

ஆறு பேர் கொண்ட குழு 1888 யூலை 17ஆம் திகதி கப்பலை விட்டிறங்கி வள்ளங்களில் கரையை நோக்கிச் சென்றது. சில மணித்தியாலப் பயணம் என்றுதான் எதிர்பார்த்தனர். வழியில் ஒரு வள்ளத்தைப் பனிக்கட்டி கிழித்தது. அதனைத் திருத்துவதற்குள் நீரோட்டம் அவர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போயிற்று. பனிப்பாளம் ஒன்றின் மீது நாட்கணக்காக மிதந்து, குறித்த இடத்திலிருந்து மிகத் தொலைவில் யூலை 29இலேயே கரையை அடைந்தனர். அங்கிருந்து கரையோரமாக மீண்டும் வடக்கே துடுப்பு வலித்து, ஓகஸ்ட் 15இல் ஏறத் தொடங்கினர். காலம் பிந்திவிட்டதால், எண்ணியிருந்த ஊரைக் கைவிட்டு, அதைவிடக் கிட்டிய கொட்ஹாப் என்ற ஊரை நோக்கி இடைவழியில் திசையை மாற்றினார் நான்சன். மேற்குக் கரையை அடைந்தபோது எஞ்சிய தூரத்தைக் கடக்க வள்ளம் இல்லை. கூடாரத்தின் நிலவிரிப்புத் துணியையும் அங்கு வளர்ந்திருந்த அலரி இனக் கொம்புகளையும் கொண்டு ஒரு வள்ளத்தைக் கட்டி, அவரும் தோழர் ஸ்வேட்ரப்பும் ஒக்டோபர் 3ஆம் திகதி ஊர் போய்ச் சேர்ந்து, மற்ற நால்வருக்கும் ஆளனுப்பினர். ஆறு பேரும் உயிரோடு மீண்டனர்.

இப்பயணத்தை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் அரசுகளின் நடுவே இருந்து அவர் செய்த வேலைகளின் மாதிரியை இங்கேயே காண்கிறோம். வள்ளம் கிழிந்தால் தைப்பது, நாள் பிந்தினால் வழியை மாற்றுவது, வள்ளமே இல்லையென்றால் இருப்பதைக் கொண்டு கட்டுவது. பனியோடு வழக்குப் பேச முடியாது என்பதை அவர் இளம் வயதிலேயே படித்துக்கொண்டார்.

அடுத்தது இதனிலும் பெரியது. சைபீரியாவுக்கு வடக்கே 1881இல் பனியில் நசுங்கி மூழ்கிய ஜெனெற் என்ற அமெரிக்கக் கப்பலின் சிதைவுகள், மூன்று ஆண்டுகளின் பின் கிறீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் வடபனிக்கடலின் பனியே ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்கின்றது என்பது நான்சனின் கணிப்பு. கப்பல்களை நசுக்கும் அந்தப் பனியைக் கப்பலைச் சுமக்கும் வண்டியாக்கினால் என்ன என்று அவர் யோசித்தார். கொலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநரைக் கொண்டு பிராம் என்ற கப்பலைக் கட்டுவித்தார். அதன் அடிப்பாகம் வட்டமாகவும் வழுக்கலாகவும் அமைக்கப்பட்டது. பனி இரு பக்கமும் நெருக்கும்போது கப்பல் நசுங்காமல், விரல்களுக்கிடையில் பிதுக்கிய புளியங்கொட்டை போல மேலே எழும்பிவிடும். கடலில் ஓடும்போது அது பயங்கரமாக உருளும். அதனைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

1893 யூனில் பதின்மூன்று பேருடன் பிராம் புறப்பட்டது. செப்டெம்பரில் பனிக்குள் அகப்பட்டது. எதிர்பார்த்தபடியே பனி நெருக்கியது, கப்பல் எழும்பியது, யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் நகர்வு மிக மெதுவாக இருந்ததுடன் வடதுருவத்துக்குச் செல்லும் திசையிலும் அமையவில்லை. எனவே 1895 மார்ச் 14ஆம் திகதி நான்சனும் யொஹான்சன் என்ற தோழரும் 28 நாய்களோடும் மூன்று சறுக்கு வண்டிகளோடும் கால்நடையாக வடக்கே புறப்பட்டனர். அந்த நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்கு உணவாக்குவதும் திட்டத்தின் ஒரு பகுதி. ஜீவகாருண்யம் போதிக்கப்பட்டு வளர்ந்த எமக்கு இது மனம் நோகும் செய்தியே. நான்சனுக்கும் அது பின்னாளில் மனதை உறுத்தியது. ஏப்ரல் 8ஆம் திகதி 86 பாகை 14 கலை வடக்கு வரை சென்றனர். அதுவரை மனிதர் சென்றடைந்த மிக வடக்கான இடம் அது. அதற்கப்பால் பனி மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அது மட்டுமன்று, இவர்கள் வடக்கே நடக்க நடக்கக் காலடியில் இருந்த பனி தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. திரும்புவது என்று தீர்மானித்தார்.

திரும்பும் வழியில் ஒருநாள், நீண்ட நேர நடைக்குப் பின் களைத்து உறங்கிய இருவரும் தமது மணிக்கூடுகளை முறுக்கிவிட மறந்துபோயினர். இரண்டும் நின்றுவிட்டன. இது சிறு விடயம் போலத் தோன்றும். ஆனால் நெட்டாங்கு அறியச் சரியான நேரம் வேண்டும். நேரம் தெரியாவிட்டால் கிழக்கு மேற்காகத் தாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. வெண்பாலை நடுவே வழி தெரியாமற் போவது மரணத்துக்குச் சமம். எவருடைய மறதி என்று விசாரணை வைக்க அங்கே நீதிபதியும் இல்லை, சாட்சியும் இல்லை, இருந்தவர்கள் இருவரே. ஏறக்குறைய எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று கணித்து மணிக்கூடுகளை மீண்டும் ஓடவிட்டு, கணக்கில் பிழை இருக்கலாம் என்ற நினைவோடு தொடர்ந்து நடந்தனர். பிரான்ஸ் யோசப் தீவுக்கூட்டத்தை அடைந்தபோது குளிர்காலம் தொடங்கிவிட்டது. கல் அடுக்கி, வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கின் தோலைக் கூரையாகப் போட்டு ஒரு குடிசை அமைத்து, அதற்குள் வெண்கரடி இறைச்சியை உண்டு எட்டு மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். அத்தனை நெருக்கத்திலும் ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையிலேயே அழைத்து வந்ததாகவும், 1895ஆம் ஆண்டின் கடைசி இரவில்தான் இனி ஒருமையில் பேசிக்கொள்வோமே என்று நான்சன் கேட்டதாகவும் சொல்வர். எமது ஊரில் இடைநடுவே நீர் என்றொரு சொல் இருக்கிறது. அவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

1896 யூனில் இருவரும் மேட்டில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியிருந்த அவர்களது சிறு வள்ளங்கள் இரண்டும் கட்டு அறுந்து மிதந்து போயின. உணவு, துவக்கு, எல்லாமே அவற்றில்தான் இருந்தன. நான்சன் மணிக்கூட்டைக் கழற்றித் தோழரிடம் கொடுத்துவிட்டு உறைநீரில் குதித்தார். கைகால் மரத்துப் போகும் தறுவாயில் வள்ளத்தைப் பிடித்து ஏறி, மீட்டுக்கொண்டு வந்தார். சில நாட்களின் பின் அத்தீவில் ஆய்வுக்கு வந்திருந்த ஜக்சன் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தனர். அவர்கள் நோர்வே திரும்பிய அதே ஓகஸ்ட் மாதத்தில் பிராம் கப்பலும் பனியிலிருந்து விடுபட்டு வந்து சேர்ந்தது. பதின்மூன்று பேரில் ஒருவரும் குறையவில்லை.

இதன் பின் நான்சன் உலகப் புகழ் பெற்றார். பேராசிரியரானார். ஆழ்கடல் நீரை எடுத்துச் சோதிக்க அவர் அமைத்த போத்தல் அவரது பெயராலேயே நெடுங்காலம் வழங்கியது. 1905இல் நோர்வே சுவீடனிலிருந்து போரின்றிப் பிரிந்தபோது அதற்காக உழைத்தார். 1906 முதல் 1908 வரை இலண்டனில் நாட்டின் தூதுவராக இருந்தார். அக்காலத்தில்தான் மனைவி ஏவா நோயுற்று இறந்தார். 1913இல் இளைய மகனும் இறந்தான். புகழின் உச்சியில் இருந்த அம்மனிதர் உள்ளே மிகவும் ஒடுங்கிப் போனார்.

முதலாம் உலகப் போர் அவரை மீண்டும் வெளியே இழுத்தது. நோர்வே போரில் சேராத நாடு. ஆனால் தானியத்துக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாடு. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கி உணவு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் நோர்வேயில் தட்டுப்பாடு தலைகாட்டியது. நான்சன் வாஷிங்டன் சென்று மாதக்கணக்காகப் பேச்சு நடத்தினார். ஒப்பந்தம் தயாரான வேளையில் சொந்த அரசாங்கம் தயங்கியது. ஊரில் பாண் இல்லை என்பதை நினைத்து, பொறுப்பைத் தம் தலையில் ஏற்று 1918இல் கையொப்பமிட்டார். பிழைத்திருந்தால் பழி முழுவதும் அவர் மீதே விழுந்திருக்கும்.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் போர்க்கைதிகள் வீடு திரும்பவில்லை. ரஷ்யாவிலும் சைபீரியாவிலும் ஜேர்மனியரும் ஒஸ்திரியரும் ஹங்கேரியரும், ஜேர்மனியில் ரஷ்யரும் முகாம்களில் கிடந்தனர். நோயாலும் குளிராலும் நாளாந்தம் இறந்துகொண்டிருந்தனர். ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் 1920 ஏப்ரலில் இப்பொறுப்பை நான்சனிடம் ஒப்படைத்தது. பணம் மிகக் குறைவு. அது மட்டுமன்றி, புதிய சோவியத் அரசாங்கம் அச்சங்கத்தையே அங்கீகரிக்கவில்லை. சங்கத்தின் நாடுகள் பலவும் சோவியத்தை அங்கீகரிக்கவில்லை. ஒருவரையொருவர் இல்லை என்று சொல்லும் இரு தரப்புகளுக்கிடையில் எப்படிப் பேசுவது? சங்கத்தோடு பேசமாட்டோம், நான்சன் என்ற தனிமனிதரோடு பேசுவோம் என்றது மொஸ்கோ. நான்சன் அந்த வாசலைப் பயன்படுத்திக்கொண்டார். தாம் யாருடைய பிரதிநிதி என்ற வாதத்தில் அவர் நேரத்தைச் செலவிடவில்லை. கைதிகளைப் புகையிரதத்தில் எல்லைக்குக் கொண்டு வருவது அவர்கள் பொறுப்பு, அங்கிருந்து கப்பலில் ஏற்றுவது தமது பொறுப்பு என்று ஏற்பாடாயிற்று. போல்டிக் கடலில் ஒரு திசையில் ரஷ்யரை ஏற்றிச் சென்ற கப்பல்கள் மறு திசையில் ஜேர்மனியரையும் ஒஸ்திரியரையும் ஏற்றி வந்தன. எந்தக் கப்பலும் வெறுமையாகத் திரும்பவில்லை. 1922இல் வேலை முடிந்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 4 இலட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு சேர்ந்திருந்தனர்.

இனிச் சொல்லப் போவதுதான் அவரது வாழ்வின் மிகக் கடினமான பகுதி.

1921ஆம் ஆண்டு ரஷ்யாவின் வொல்கா நதிப் பிரதேசத்தில் மழை பொய்த்தது. அதற்கு முந்திய ஆண்டும் விளைச்சல் மோசம். ஏழு வருடங்களாகப் போரும் உள்நாட்டுப் போரும் கிராமங்களைச் சூறையாடியிருந்தன. குடியானவரின் களஞ்சியத்திலிருந்து தானியத்தைப் பலவந்தமாக எடுத்துச் சென்ற சோவியத் அரசின் கொள்கையால் விதைநெல்லுக்கு ஒப்பான விதைத் தானியமும் மிஞ்சவில்லை. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் பட்டினியின் பிடியில் அகப்பட்டனர். புல், மரப்பட்டை, களிமண் என்பவற்றையெல்லாம் மாவோடு கலந்து உண்டனர். 1921 ஓகஸ்டில் செஞ்சிலுவைச் சங்கங்கள் ஜெனீவாவில் கூடி, நிவாரணப் பணிக்கு நான்சனைத் தெரிவு செய்தன. அவர் உடனே மொஸ்கோ சென்று அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, செப்டெம்பர் 30ஆம் திகதி சர்வதேச சங்கத்தின் பேரவையில் எழுந்து நின்றார்.

அவர் கேட்டது 50 இலட்சம் பவுண் கடன். ஒரு போர்க்கப்பல் கட்டும் செலவில் அது பாதி என்பதை எடுத்துச் சொன்னார். ஆர்ஜென்ரீனாவில் சோளம் மிதமிஞ்சி விறகாக எரிக்கப்படுவதையும், அமெரிக்காவில் தானியம் வாங்குவாரின்றிக் கிடப்பதையும், துறைமுகங்களில் கப்பல்கள் சும்மா நிற்பதையும் சுட்டிக் காட்டினார். தானியம் ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். இணைப்பதற்குப் பணம் மட்டுமே தேவை, அதுவும் குளிர்காலத்துக்கு முன் தேவை என்பதே அவரது வாதம்.

சபையில் எழுந்த விவாதம் வேறு திசையில் சென்றது. இப்பஞ்சத்துக்குக் காரணம் யார்? போல்ஷெவிக்குகள் தாமே உண்டாக்கிய அழிவுக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் அந்த அரசாங்கம் பலப்படாதா? மறுபுறத்தில் மொஸ்கோவோ, தன்னைச் சுற்றி வளைத்துத் தடை போட்ட மேற்கு நாடுகளையே குற்றஞ்சாட்டியது. இரு தரப்பு வாதத்திலும் ஓரளவு உண்மை இருந்தது என்பதை மறுக்க முடியாது. நான்சன் போல்ஷெவிக் அல்லர். அவர்களது ஆட்சிமுறை அவருக்கு உவப்பானதும் அன்று. ஆனால் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல அவர் மறுத்தார். உதவி செய்தால் அந்த அரசாங்கம் பலப்படும் என்றே வைத்துக்கொள்வோம், அதற்காக இரண்டு கோடி மக்கள் பட்டினியால் இறப்பதை விரும்பும் ஒருவர் இச்சபையில் இருக்கிறாரா என்று கேட்டார். அவர் கோபமே கொள்ளாத முனிவர் என்று நினைத்துவிடக் கூடாது. முதலாவது நிவாரணப் புகையிரதத்தைச் செம்படை கொள்ளையடித்துவிட்டது என்று பரப்பப்பட்ட கதை பச்சைப் பொய் என்று அச்சபையிலேயே கடுமையாகச் சொன்னார். பஞ்சத்தை உண்டாக்கியவர் யார் என்பதில் அவர் கோபம் செல்லவில்லை; உணவு போகும் வழியை மறிப்பவர் மீதே சென்றது.

சபை மறுத்துவிட்டது. அனுதாபம் தெரிவித்தது, பணம் தரவில்லை.

எமது கோயில்களில் தேர் இழுக்கும்போது மழை ஈரத்தில் சில்லுப் புதைந்துவிடுவதுண்டு. வீதிக்கு மண் போட்டவர் யார், வடம் பிடித்தவர் ஏன் ஒரு பக்கம் இழுத்தார் என்று ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருக்கும். இன்னொருவர் பேசாமல் போய்ப் பலகையும் கட்டையும் தூக்கி வருவார். சாமி வீதியில் நிற்கும் வரை அந்த இரண்டாமவர்தான் தேவைப்படுபவர். முதலாவது கூட்டத்தின் கேள்வியும் தேவையானதே. அடுத்த வருடத்துக்கு வீதியைத் திருத்த வேண்டும் அல்லவா? அதற்கு உரிய நேரம் தேர் இருப்புக்கு வந்த பின்னர்தான். நான்சன் கேட்டதும் இவ்வளவே.

அரசுகள் கைவிட்டதும் அவர் மக்களிடம் போனார். அந்தக் குளிர்காலத்தில் வொல்காப் பிரதேசத்துக்கு நேரில் சென்று நிலைமையைப் பார்த்தார். உடன் சென்ற ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் அங்கு பரவியிருந்த காய்ச்சலுக்குப் பலியானார். அங்கே எடுத்த படங்களை ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் திரையிட்டுப் பேசிப் பேசிப் பணம் சேர்த்தார். அறுபது வயதில், ஒவ்வொரு இரவும் வேறொரு மேடை. அமெரிக்காவின் ஹூவர் தலைமையிலான நிவாரண அமைப்பு அவரைவிடப் பன்மடங்கு பெரியது; உச்சக் கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் அது உணவளித்தது. நான்சனின் பங்கு அளவிற் சிறியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய 50 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. கட்டாயத் தானியப் பறிப்பு எவ்வளவு பெரிய குற்றம் என்பதையும் அவர்களே பின்னர் ஆவணங்களோடு நிறுவினர். அந்தத் தீர்ப்பு வந்து சேர்ந்தபோது அதனால் பயன்பெற வேண்டியவர்கள் உயிரோடு இல்லை. சொந்த நாட்டிலேயே நான்சன் போல்ஷெவிக்குகளின் கைப்பொம்மை என்று ஏசப்பட்டார்.

இதே காலத்தில்தான் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் பதவியும் அவரிடம் வந்தது. புரட்சியிலிருந்தும் உள்நாட்டுப் போரிலிருந்தும் தப்பிய பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் கொன்ஸ்தாந்திநோபிள், பால்கன் நாடுகள், போலந்து, ஜேர்மனி, பிரான்ஸ், சீனா என்று சிதறிக் கிடந்தனர். 1921 டிசெம்பரில் சோவியத் அரசாங்கம் வெளியேறியோரின் குடியுரிமையைப் பறித்தது. அதன் பின் அவர்கள் எந்த நாட்டவரும் இல்லை. வேலை இருக்கும் நாட்டுக்குப் போக எல்லை கடக்க வேண்டும். எல்லை கடக்கப் பத்திரம் வேண்டும். பத்திரம் கொடுக்க அரசாங்கம் வேண்டும். அரசாங்கமோ இவர்களைத் தன் மக்களே இல்லை என்கிறது. அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டுச் சோதனைச் சாவடியில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இவர்களை நாடற்றவராக்கியது யார் என்று வாதிட்டால் முடிவு வராது. நான்சன் ஒரு தாளை முன்வைத்தார். அகதி தங்கியிருக்கும் நாடு அவருடைய பெயர், வயது, படம் முதலியவற்றைக் கொண்ட ஒரு சான்றிதழை வழங்கும். மற்ற நாடுகள் அதனைப் பயணப் பத்திரமாக மதிக்கும். அது குடியுரிமை தராது. கொடுத்த நாட்டுக்குத் திரும்பிவரும் உரிமைகூடத் தொடக்கத்தில் அதில் இல்லை. குறைகள் நிறைந்த தாள்தான். ஆனால் அரசுகள் ஒப்புக்கொள்ளக்கூடிய அளவுக்கே அதில் கேட்டிருந்தார். 1922 யூலையில் ஜெனீவாவில் அது ஏற்கப்பட்டது. காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதனை மதித்தன. நான்சன் கடவுச்சீட்டு என்று அதற்குப் பெயர் வந்தது. ஏறக்குறைய நாலரை இலட்சம் பேர் அதனைப் பெற்றனர். இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அவர்களுள் அடங்குவர். பிற்காலத்தில் அதில் ஒட்டுவதற்கு நான்சனின் முகம் பொறித்த முத்திரை விற்கப்பட்டு, அப்பணம் வறிய அகதிகளுக்குப் பயன்பட்டது. இன்று நோர்வேயிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் எமது உறவுகளில் எத்தனையோ பேர் முதன்முதலில் கையில் பெற்ற அகதிப் பயணப் பத்திரம், 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது. அதன் மூதாதை இந்தத் தாளே.

அவர் செய்த எல்லாமே ஒருமுகமாகப் போற்றப்பட்டவை என்று சொல்வதற்கில்லை. 1922இன் இறுதியில் கிரேக்க துருக்கிப் போர் முடிந்தபோது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்கர் வீடிழந்து கிரேக்கத்தில் வந்து குவிந்தனர். இரு நாடுகளும் சிறுபான்மையினரைப் பரிமாறிக்கொள்வது என்ற தீர்வுக்கு நான்சன் துணைநின்றார். 1923 ஜனவரியில் லொசான் நகரில் அது உடன்படிக்கையாயிற்று. துருக்கியிலிருந்த கிரேக்கத் திருச்சபையினர் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் மதத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு அனுப்பப்பட்டனர். மேலும் படுகொலை நிகழாமல் தடுத்தது என்பர் ஒரு சாரார். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணிலிருந்து மக்களைப் பிடுங்கி எறிவதைச் சட்டமாக்கியது என்பர் மற்றொரு சாரார். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர் என்றால் என்னவென்று தெரியும். இந்த ஒரு விடயத்தில் நான்சனின் பக்கம் முழுமையாக நிற்க இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. அவசரத்தில் கிடைத்த தீர்வு எல்லாம் நல்ல தீர்வாகிவிடாது.

1922ஆம் ஆண்டின் சமாதான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசுப் பணத்தை நிவாரண வேலைகளுக்கே கொடுத்தார். 1925 முதல் ஆர்மீனியருக்காக உழைத்தார். ஒஸ்மானியப் பேரரசில் நிகழ்ந்த படுகொலைகளிலிருந்து தப்பிய அம்மக்களை, ஆர்மீனியாவின் எரிவான் பகுதியில் தரிசு நிலத்துக்கு நீர்ப்பாய்ச்சிக் குடியமர்த்தலாம் என்று நேரில் போய் நிலத்தைப் பார்த்துத் திட்டம் தயாரித்தார். நீரும் நிலமும் கணக்குப் பார்த்து எழுதிய திட்டம் அது. சர்வதேச சங்கத்தில் ஆண்டுதோறும் எழுந்து பணம் கேட்டார். ஆண்டுதோறும் வேறு வேறு காரணம் சொல்லப்பட்டது. சோவியத் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பணம் போட எவரும் விரும்பவில்லை. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. பனியையும் பஞ்சத்தையும் தாங்கிய அவரை இத்தோல்வி கடைசிவரை வருத்தியது.

1930 மே 13ஆம் திகதி, ஒஸ்லோவுக்கு அருகில் தாமே கட்டிய பொல்ஹொக்டா என்ற வீட்டின் மேல் விறாந்தையில் அமர்ந்திருந்த வேளையில் அவர் உயிர் பிரிந்தது. மே 17, நோர்வேயின் தேசிய தினத்தன்று அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடைபெற்றது. அஸ்தி அவ்வீட்டு வளவிலேயே ஒரு மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் சர்வதேச சங்கம் அவர் பெயரால் ஓர் அகதிகள் அலுவலகத்தைத் தொடங்கியது. அவர் கேட்டுக் கிடைக்காததில் ஒரு பங்கை அவ்வலுவலகம் நிறைவேற்றியது: ஏறக்குறைய 10,000 ஆர்மீனியர் எரிவானிலும் 40,000 பேர் சிரியாவிலும் லெபனானிலும் குடியமர்த்தப்பட்டனர். 1938இல் அவ்வலுவலகத்துக்கும் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டின் முடிவில் அது மூடப்பட்டு, பணிகள் வேறோர் அலுவலகத்தின் கைக்கு மாறின. அப்பொழுது ஜேர்மனியிலிருந்து புதிய அகதிகள் எல்லைகளில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தனர்.